ராசா படுத்த கட்டில்

அன்றைக்கு ஸ்ஃபெர்ராகவால்லோ வீட்டில் இருந்தவர்கள்: நான், என் கணவர், கணவரின் தமையன், மன்னார் அக்கா, அவருடைய ஒன்பது வயது மகள். ஐந்து பேர். ஒரு நாய். மத்தியானத்துக்குப் பிறகு வந்தவர்கள் இரண்டு பேர்: வீட்டுக்காரி சிஞ்ஞோரா, அவரோடு வந்த தொப்பிக்காரன். இதற்கு மேல் ஒருவரும் இல்லை.

இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். ஏனென்றால் சிஞ்ஞோரா பிறகு போன இடமெல்லாம், இருபது பேர் தன் வீட்டுக்குள் புகுந்து சமைத்தார்கள் என்று சொன்னார். என் கணவரோ இன்றைக்கும் கலியாண வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லும்போது, "ஒரு பத்துப் பன்ரண்டு பேர் இருந்திருப்பம்" என்கிறார். ஆட்கள் கூடினால் சிரிப்பும் கூடும் என்று அவருக்குத் தெரியும். அவர் சொல்லும் கதையில் கட்டில் வரும், நாய் வரும், ராசா வருவார். என் பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் இருக்க அனுமதிக்கும் பத்திரம், வராது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் பேனையை எடுத்தது அதனால்தான். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். ஆட்களின் தொகையைத் திருத்த வேண்டாம்.

நான் இத்தாலிக்கு, பலெர்மோவுக்கு வந்தது தொண்ணூற்றைந்தில், ஏஜென்சிக்காரன் கூட்டிவந்த வழியால். ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் ரயிலை விட்டு இறங்கியபோது எனக்குப் பேசிய மாப்பிள்ளை, படத்தில் பார்த்ததைவிட மெலிந்துபோய், ஒரு கையில் குடையும் மற்றக் கையில் வாழைப்பழமுமாக நின்றார். அவருக்கு பெர்மெஸ்ஸோ இருந்தது. ஐந்து வருடத்துக்கு முந்திய பொது மன்னிப்பில் எடுத்தது. எனக்கு ஒன்றும் இல்லை. கையிலிருந்த பாஸ்போர்ட்டையும் ஏஜென்சிக்காரன் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

எனக்குப் பயம் என்பது சின்ன வயதிலிருந்தே ஒரு வேலை மாதிரி. காலையில் எழும்பினால் எதற்குப் பயப்படலாம் என்று முதலில் பார்ப்பேன். ஊரில் ஷெல்லுக்குப் பயந்தேன். இங்கே சீருடைக்குப் பயந்தேன். பொலிஸ்காரன், பஸ்ஸில் டிக்கெட் பார்ப்பவன், தபால்காரன், ஒருமுறை ஐஸ்கிறீம் விற்பவன்கூட. வெள்ளை உடுப்புப் போட்டு விசிலும் வைத்திருந்தான்.

பல்லரோ சந்தைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் எங்கள் அறை. பலகை அடித்த தடுப்புக்கு அந்தப் பக்கம் கணவரின் தமையன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர்; கலியாணம் முடியும்வரை என் கணவரும் அங்கேதான் படுத்தார். என் கணவர் சிஞ்ஞோராவின் வீட்டில் முழுநாள் வேலை. நான் கிழமையில் இரண்டு காலை, இஸ்திரிப்பெட்டியால் உடுப்பு மினுக்கப் போவேன்.

சிஞ்ஞோரா வயதான விதவை. பெரிய குடும்பமொன்றின் கடைசி ஆள் என்று தன்னைச் சொல்லிக்கொள்வார். கிழமைக்கொரு படப் புத்தகம் வாங்குவார். அதில் அவருக்குத் தேவையானது ஒன்றே ஒன்றுதான். எந்த நாட்டு அரச குடும்பத்துப் பிள்ளைகள் கலியாணம் முடித்து எங்கே தேனிலவு போனார்கள். அந்தப் பக்கங்களை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு, சமையல் குறிப்பு, அரசியல், கொலைச் செய்தி எல்லாவற்றையும் யன்னல் துடைக்க எங்களிடம் தருவார்.

நான் மினுக்குவேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருப்பார். இவர், என் கணவர், மேசையில் வெள்ளிக் கரண்டிகளைத் துலக்கியபடி எனக்கு மொழிபெயர்ப்பார்.

"என்னவாம்?"

"இங்கிலாந்திலை முந்தி ஒரு ராணி இருந்தவவாம். கலியாணம் முடிச்சு ரண்டு மூண்டு நாள்தான் கோட்டையிலை இருந்தவவாம். மனுசன் இன்னும் கொஞ்ச நாள் இருப்பமே எண்டு கேட்டதுக்கு, நான் நாட்டை ஆள வேணும், எனக்கு லீவு இல்லை எண்டவவாம்."

"எங்களை மாதிரி."

"அதைச் சொல்லட்டே அவவுக்கு?"

"சும்மா இருங்கோ."

ஒஸ்திரியாச் சக்கரவர்த்தி ஒருவர் பதினாறு வயதுப் பெண்ணைக் கட்டி, ஊருக்கு வெளியே ஒரு மாளிகைக்குக் கூட்டிப் போனாராம். பிறகு ஒவ்வொரு நாள் காலையும் நகரத்துக்கு வேலைக்குப் போய்விடுவாராம். அந்தப் பெண் பெரிய மாளிகையில் மாமியோடு தனிய இருந்து அழுததாம். எனக்கு விளங்கிய முதல் தேனிலவு அதுதான். முடி துறந்த ராசா ஒருவர், தான் ஆசைப்பட்ட பெண்ணோடு மலைக்கோட்டை ஒன்றுக்குப் போனாராம். எத்தனையோ பெட்டிகளோடு. அந்தப் பெட்டிகளை மலைக்கு ஏற்றியவர்களைப் பற்றிச் சிஞ்ஞோரா ஒன்றும் சொல்லவில்லை.

அவருக்கு மிகப் பிடித்தது கப்பல் கதை. இங்கிலாந்து இளவரசரும் மனைவியும் அரச கப்பலில் இந்தக் கடலைச் சுற்றினார்கள். கப்பல் சிசிலிப் பக்கம் போன நாள், தான் மொட்டைமாடியில் தூரக்கண்ணாடியோடு நின்றதாகச் சொல்வார். மாலுமிகள் சத்தம் வராத மெல்லிய சப்பாத்துப் போட்டு நடந்தார்களாம். கட்டளைகளைக்கூட வாயால் சொல்லாமல் கையால் காட்டினார்களாம், புது மணமக்களுக்கு இடைஞ்சல் வரக்கூடாதென்று. சிஞ்ஞோரா இதைச் சொல்லும்போது கண் கலங்கும். நான் அந்த மாலுமிகளை நினைப்பேன். சப்பாத்து இல்லாமல் நடக்கவும், வாய் திறக்காமல் வேலை செய்யவும் எனக்கு ஒருவரும் பழக்கத் தேவையில்லை.

ராசா போன இடமெல்லாம் யாரோ விரிப்பு மாற்றியிருப்பார்கள். யாரோ தண்ணீர் சுட வைத்திருப்பார்கள். என் புத்தி அங்கேதான் போகும். விரிப்பில் கறை இருந்ததா, அதை எதைப் போட்டுக் கழுவினார்கள், கழுவியவளுக்குச் சம்பளம் ஒழுங்காக வந்ததா.

ஒருநாள் சிஞ்ஞோரா கேட்டார், உங்கள் ராசாக்கள் எங்கே தேனிலவு போனார்கள் என்று. நான் படித்த வகுப்புவரை அப்படி ஒரு பாடம் இல்லை. இவர் யோசிக்காமல் சொன்னார்:

"கீரிமலைக்கு. கேணி இருக்கு, பக்கத்திலை கடல். யானையிலை போவினம்."

"நாய் கூட்டிக்கொண்டு போவார்களா?"

இவர் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஓம் எண்டு சொல்லட்டே?"

"ஏன் நாயைக் கேக்கிறா?"

விசாரித்ததில், இங்கிலாந்தின் அப்போதைய ராணி இளவரசியாக இருந்தபோது தேனிலவுக்குத் தன் நாயையும் கூட்டிப் போனாராம். சிஞ்ஞோராவின் மடியில் எந்த நேரமும் ஒரு வெள்ளை நாய் இருக்கும். அதற்கு மூன்று சொல்லில் ஒரு பெயர். என்னைச் சிஞ்ஞோரா ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அந்த வருடக் கடைசியில் அரசாங்கம் மறுபடியும் ஒரு பொது மன்னிப்பு அறிவித்தது. பெர்மெஸ்ஸோ இல்லாதவர்கள் வேலை கொடுப்பவர் ஒருவரின் கையெழுத்தோடு வந்தால் கொடுப்பார்கள். வேலை கொடுப்பவர் சில மாதக் காப்புறுதிப் பணத்தை முன்கூட்டியே கட்டவும் வேண்டும். சட்டப்படி அது அவர்கள் கட்ட வேண்டிய பணம். ஆனால் எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் தாங்களே கொடுத்துத்தான் கையெழுத்து வாங்கினார்கள். எனக்குக் கையெழுத்து வைக்கிறேன் என்று சிஞ்ஞோரா சொன்னார். நாங்கள் பணத்தைத் திரட்டி, உறையில் போட்டு, அவர் மேசையில் வைத்தோம். அத்தானிடம் பாதி. மன்னார் அக்காவின் சீட்டுக்காசில் கொஞ்சம்.

மன்னார் அக்கா அதே கட்டடத்தில் மேல்மாடியில் வேலை செய்தவர். வேதக்காரர். எனக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் துணை. அவர்தான் என்னைப் பெல்லெக்ரினோ மலையில் இருக்கும் புனிதையிடம் கூட்டிக்கொண்டு போனார். நடந்தே ஏறினோம்.

"என்ன கேட்டனி?" என்றார் இறங்கும்போது.

"பெர்மெஸ்ஸோ."

"அவ்வளவு தூரம் ஏறிப்போட்டு அது மட்டுமோ? ஒரு நல்ல புருசனையும் கேட்டிருக்கலாம்."

"அவரைத்தான் அடுத்த மாதம் கட்டப்போறன் அக்கா."

"அதுதான் சொல்லுறன்."

தை மாதம் கலியாணம். வாடகைக் கூடமொன்றில் சாமிப்படம் வைத்து நடத்திய கோயிலில் தாலி கட்டினார். அரசாங்கப் பதிவு பெர்மெஸ்ஸோ வந்த பிறகு என்று விட்டோம். அதற்கு முந்திய கிழமை சிஞ்ஞோரா தேனிலவுக்கு எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். இவர் சிரித்தார். சிஞ்ஞோரா சிரிக்கவில்லை. எழும்பிப் போய் ஒரு திறப்புக் கோர்வையை எடுத்துவந்து இவர் கையில் வைத்தார்.

ஸ்ஃபெர்ராகவால்லோவில், கடலுக்குப் பக்கத்தில், அவர்களுடைய கோடைகால வீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. அவருடைய கணவரின் பாட்டன் காலத்தில் வடநாட்டு இளவரசர் ஒருவர் மனைவியோடு அங்கே வந்து தேனிலவைக் கழித்தாராம். அந்தக் கட்டில் அப்படியே இருக்கிறதாம். "நீங்கள் அதில் படுக்கலாம்," என்றார். ஐந்து நாள். மூன்று நிபந்தனை. நாயைக் கூட்டிப்போக வேண்டும், அதற்குக் கடல் காற்று நல்லது. யன்னல்களைத் திறந்து கொஞ்சம் காற்றுப் பிடிக்க விட வேண்டும். குசினி பூட்டித்தான் இருக்கும், உள்ளே வெள்ளிச் சாமான் இருக்கிறது. சாப்பாட்டுக்குக் கடற்கரையில் எவ்வளவோ கடை உண்டு, தேனிலவு போகிறவர்கள் அடுப்படியில் நிற்பார்களா?

"எனக்குப் பயமாயிருக்கு," என்றேன், படி இறங்கும்போது.

"இஞ்சேரும், ஒரு மனுசி சும்மா வீட்டைத் தாறா. அதுக்கும் பயப்படுவீரே?"

"சும்மா தாறதாலைதான் பயமாயிருக்கு. ஏதும் உடைஞ்சால்? நாய் செத்தால்? கையெழுத்து வைக்காமல் விட்டிட்டால்?"

"நாய் ஏன் சாகுது? நீர் அதோடை கதைக்காமல் விட்டாச் சரி. உம்மடை பயம் அதுக்கும் தொத்தும்."

இரண்டு பஸ் மாறிப் போனோம். நான் கூறைச் சேலைப் பெட்டியோடு. இவர் நாய்க்கூடையோடு. கலியாணத்துக்கு அடுத்த நாள். மழை தூறிக்கொண்டிருந்தது.

வீட்டுக் கதவைத் திறந்ததும் பூஞ்சண மணம் முகத்தில் அடித்தது. சுவரெல்லாம் பச்சை. கம்பளத்தைத் தூக்கினால் அடியில் ஈரம். கொஞ்சம் காற்றுப் பிடிக்க விடச் சொன்ன வீடு அதுதான். சொல்லாமலே எங்களுக்கு விளங்கியது. அன்று பின்னேரமும் அடுத்த நாள் முழுக்கவும் சவர்க்காரம் கரைத்துச் சுவர் கழுவினோம். தும்புத்தடி இல்லாததால் இவருடைய பழைய பெனியனைத் தடியில் சுற்றி நிலம் துடைத்தேன். இவர் ஏணியில் நின்று பாட்டுப் பாடினார். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, இவர் விழுந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, அங்கே என்னிடம் பெர்மெஸ்ஸோ கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மேல்மாடியில் அந்த அறை. கட்டில் பெரியதுதான். நாலு தூண், மஞ்சள் பட்டுத் திரைச்சீலை, தலைமாட்டுப் பலகையில் செதுக்கிய முடி. நான் விரலால் தொட்டேன். பட்டு சில இடங்களில் தூள்தூளாகக் கையில் வந்தது. இதில் படுத்துக் கிழிந்தால் யார் பதில் சொல்வது? தரையில் போர்வை விரித்துப் படுத்தோம். கட்டிலில் நாய் படுத்தது. அதற்குப் பயம் இல்லை. இவர் கலியாண வீடுகளில் சொல்லும்போது, "ராசா படுத்த கட்டிலிலை நாங்கள் படுத்தம்" என்பார். நாங்கள் படுக்கவில்லை. அந்தக் கட்டிலில் படுத்தது நாய்தான்.

நாலாம் நாள் வந்தது. எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு நாலாம் நாளைச் சும்மா விடுவதில்லை. மாப்பிள்ளையும் பொம்பிளையும் தலை முழுகுவார்கள், சொந்தக்காரர் கூடுவார்கள், கலியாண வீட்டு மரக்கறிச் சாப்பாட்டுக்கு முடிவு கட்டி இறைச்சியும் மீனும் சமைப்பார்கள். நாலாம் சடங்கு இல்லாவிட்டால் கலியாணம் அரைவாசியில் நிற்பது மாதிரி. சிஞ்ஞோராவின் எண்ணத்தில் தேனிலவு என்றால் இரண்டு பேர் தனியாக இருப்பது. எங்கள் ஆட்களின் எண்ணத்தில் புதுத் தம்பதியை நாலாம் நாளும் தனியாக விட்டால், சொந்தம் கோபித்துக்கொண்டது என்று அர்த்தம். வேறு ஒருவரும் வரக்கூடாது என்று சிஞ்ஞோரா சொல்லவில்லை, வருவார்கள் என்று அவர் நினைத்துக்கூட இருக்கமாட்டார். வரலாமா என்று நாங்களும் கேட்கவில்லை. சடங்குக்குச் சொந்தம் வருவதற்கு யாரிடம் கேட்பது?

என் பக்கத்துச் சொந்தம் ஒருவரும் இந்த நாட்டில் இல்லை. ஊரே அப்போது இடம்பெயர்ந்து கிடந்தது. அம்மா எங்கே இருக்கிறார் என்றுகூட எனக்குத் தெரியாது. அதனால் பொம்பிளை வீட்டாராக மன்னார் அக்கா மகளோடு வந்தார். மாப்பிள்ளை வீட்டாராக அத்தான், ஒரு கையில் பயண காஸ் அடுப்பு, மற்றக் கையில் பல்லரோவில் வாங்கிய ஆட்டிறைச்சி, கழுத்தில் தொங்கிய பையில் சட்டி.

"குசினி எங்கை?" என்றார்.

"பூட்டியிருக்கு அத்தான்."

"பூட்டின குசினியோடை என்ன தேனிலவு? ராசா என்னத்தைத் திண்டவர், சுவரையோ?"

கீழே நிலம் இன்னும் ஈரம். மேலே கட்டில் அறையில்தான் காய்ந்த தரை. அங்கேயே அடுப்பை வைத்தோம். யன்னலைத் திறந்தால் மழைச் சாரல் பட்டில் படும் என்று நான்தான் சாத்தச் சொன்னேன். கட்டிலை நனைக்கக்கூடாது என்ற பயம். பயந்த நான் செய்த காரியம் அது.

மன்னார் அக்கா கடற்கரையில் வள்ளக்காரரிடம் கணவாய் வாங்கி வந்தார். இறைச்சி ஒரு சட்டி, கணவாய் ஒரு சட்டி. தேங்காய்ப்பால் இல்லாமல் மாட்டுப்பால் விட்டார்.

"என்ன தங்கச்சி, தூள் காணுமோ?"

"காணும் அக்கா, இருமல் வருது."

"இருமினால்தான் கறி. உங்கடை மனுசன் இவ்வளவு நாளும் பாஸ்தா திண்டு நாக்குச் செத்துப்போச்சு. இண்டைக்கு எழுப்பி விடுவம்."

இவர் தலை முழுகி, ஈரத் தலையோடு வந்து, "எழும்பீட்டுது அக்கா, மணத்துக்கே எழும்பீட்டுது" என்றார்.

தரையில் சிஞ்ஞோராவின் படப் புத்தகத் தாள்களை விரித்து அதன்மேல் பிளாஸ்டிக் தட்டுகளை வைத்தோம். அக்காவின் மகள் ஒரு தாளை விரலால் காட்டி, "குவெஸ்தா ஆர் அன்ரி, இந்த வடிவான மனுசி?" என்று இத்தாலியனும் தமிழும் கலந்து கேட்டாள். சிஞ்ஞோரா வெட்டாமல் விட்ட ஏதோ நாட்டு இளவரசி. அவளின் மேல் இறைச்சித் தட்டை வைத்தாள். நாய்க்கு ஒரு எலும்பு போட்டேன். அது எலும்போடு கட்டிலுக்கு அடியில் போனது. அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பயம் இருக்கவில்லை. அத்தான் பகிடி சொன்னார், அக்கா அவருடைய தோளில் தட்டினார், நான் சிரித்தேன். பொம்பிளை சிரிக்கிறா என்று அக்கா எல்லோருக்கும் காட்டினார். என் கலியாணத்தில் நான் சிரித்தது அப்போதுதான்.

படியில் சத்தம் கேட்டது. சிஞ்ஞோராவின் குரல், தேன் தடவிய குரல். ஒரு ஆணுக்கு ஏதோ விளக்கிக்கொண்டு ஏறி வந்தார். கதவு திறந்தது. பின்னால் தொப்பி போட்ட ஒரு மனிதன். அடுப்பில் கணவாய் கொதித்துக்கொண்டிருந்தது, அறை முழுக்கப் புகை. தொப்பிக்காரன் இருமத் தொடங்கினான்.

இவர் எழும்பி நின்றார். வலது கை முழுக்கக் கறி. அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி.

சிஞ்ஞோரா கத்தவில்லை. மெதுவாகத்தான் கதைத்தார். நான் அக்காவின் மகளைப் பார்த்தேன்.

"யன்னலைத் திறக்கட்டாம்," என்றாள். பிறகு, "இவை வீட்டு வேலைக்காரராம், சொன்னது பிழையா விளங்கீட்டுதாம் எண்டு அந்த ஆளுக்குச் சொல்லுறா. நாளைக்கு இந்த மணம் இருக்காதாம். இந்தக் கட்டில்லை ஒரு ராசாவும் ராணியும் படுத்தவையாம்." அவள் என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு இளவரசன் எண்டல்லோ சொன்னவ?"

"அந்த ஆள் ஆராம்?" என்று கேட்டேன்.

அவள் காது கொடுத்தாள். "வீடு வாங்க வந்திருக்கிறாராம்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் பிடிபட்டது. தேனிலவு, கடல் காற்று, திறப்புக் கோர்வை. வீடு விற்பனைக்கு. வாங்குகிறவன் வருமுன் யாராவது கழுவ வேண்டும். வேலைக்காரருக்குக் கூலி கொடுப்பதைவிட, ராசாவின் கட்டிலைக் கொடுப்பது மலிவு. கீழே சுவரெல்லாம் வெள்ளையாக இருந்ததைத் தொப்பிக்காரன் பார்த்துக்கொண்டுதான் வந்திருப்பான். அதைக் கழுவியது யார் என்று ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை.

அத்தானுக்கு ஒன்றும் விளங்கவில்லை, அல்லது எல்லாம் விளங்கியது. ஒரு தட்டில் சோறும் கணவாயும் போட்டுத் தொப்பிக்காரனிடம் நீட்டினார். "சாப்பிடச் சொல்லு பிள்ளை. சடங்குக்கு வந்த ஆளை வெறும் வயித்தோடை விடேலாது."

பிள்ளை சொன்னாள். தொப்பிக்காரன் சிஞ்ஞோராவைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், வாங்கினான். நின்றபடியே சாப்பிட்டான். கண்ணால் தண்ணீர் வந்தது. "புவோனோ", நல்லாயிருக்கு, என்றான். தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, தொப்பியைத் தொட்டு எனக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனான். வீட்டை வாங்கவில்லை.

அடுத்த நாளே திறப்பையும் நாயையும் கொண்டுபோய்க் கொடுத்தோம். சிஞ்ஞோரா நாயை மணந்து பார்த்தார். பட்டுத் திரையை வடக்கே எங்கேயோ அனுப்பிக் கழுவுவிக்க வேண்டும், அதற்குச் செலவாகும் என்று மட்டும் சொன்னார். கையெழுத்தைப் பற்றி இவர் கேட்டபோது "வெதியாமோ" என்றார். பார்ப்போம். அடுத்த கிழமையும் பார்ப்போம். மாசி முழுக்கப் பார்ப்போம். பெர்மெஸ்ஸோ கொடுக்கும் பொலிஸ் கந்தோரான குவெஸ்தூரா வாசலில் எங்கள் ஆட்கள் விடியமுன் வரிசையில் நின்றார்கள். நான் அந்தத் தெருவுக்கே போகவில்லை. கையில் ஒன்றும் இல்லாமல் வரிசையில் நின்றால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று பயம். பங்குனிக் கடைசியோடு தவணை முடிந்தது. சிஞ்ஞோரா கையெழுத்து வைக்கவில்லை. உறையும் திரும்பி வரவில்லை.

"கேளுங்கோவன்," என்றேன்.

"எப்பிடிக் கேக்கிறது? கோவம் வந்து உம்மைப் பற்றி எங்கையும் சொல்லிப்போட்டாவெண்டால்?"

எனக்குப் பழக்கமான பயத்தை இவர் என்னிடமே திருப்பித் தந்தார். எனக்கு அங்கே வேலை போனது. இவர் இன்னும் ஒன்றரை வருடம் போய்க் கரண்டி துலக்கினார், ராசாக்களின் கதையைக் கேட்டுத் தலையாட்டினார். அந்த வருடம் கப்பலில் தேனிலவு போன இளவரசரும் மனைவியும் சட்டப்படி பிரிந்தார்கள். சிஞ்ஞோரா இரண்டு நாள் கறுப்பு உடுத்தினாராம். "உன் மனைவிக்கும் சொல், பாவம், அவளும் கவலைப்படுவாள்" என்றாராம். இவர் வந்து சொன்னார். சொல்லும்போது இவருக்கும் முகம் வாடியிருந்தது. அன்றைக்கு நான் அவருக்குச் சோறு போடவில்லை.

பெர்மெஸ்ஸோ இல்லாமல் இன்னும் இரண்டரை வருடம் இருந்தேன். இவருடைய தங்கைக்கு ஜெர்மனியில் கலியாணம் நடந்தது. இவரும் அத்தானும் ரயிலில் போனார்கள். அந்தப் படங்களில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இவருடைய தோளுக்கு அருகில் ஓர் ஆள் நிற்குமளவு இடம் காலியாக இருக்கிறது. வேண்டுமென்று விட்டதோ தற்செயலோ தெரியாது. நான் அந்த நேரம் அறையில் விளக்கை அணைத்துவிட்டு, கதவுக்குக் கதிரையை முட்டுக்கொடுத்துவிட்டு இருந்தேன். அடுத்த மன்னிப்பு வந்தபோது, கால் ஏலாத ஒரு கிழவர் எனக்குக் கையெழுத்து வைத்தார். அவர் எந்த ராசாவைப் பற்றியும் கதைத்ததில்லை.

பெர்மெஸ்ஸோ கையில் வந்த பிறகு ஒருநாள் பல்லரோவில் சிஞ்ஞோராவைக் கண்டேன். கத்தரிக்காய்க் கடையில். எனக்கு அப்போது மொழி வந்துவிட்டது. "சிஞ்ஞோரா, எங்கள் உறை" என்றேன். அவர் என்னைத் தெரியாதவர் மாதிரிப் பார்த்துவிட்டுப் பிறகு சொன்னார், இருபது பேர் வந்து என் பட்டுத் திரையை நாசமாக்கினார்கள், அதைக் கழுவுவிக்கவே அந்தப் பணம் காணாது, மிச்சத்தை நான் உங்களிடம் கேட்டேனா என்று.

"ஐந்து பேர்," என்றேன்.

அவர் கத்தரிக்காயை அமத்திப் பார்த்தார்.

வீடு பிறகு ஒரு பல் வைத்தியருக்கு விலைப்பட்டது. கட்டிலோடு சேர்த்து. அங்கே துப்புரவு வேலைக்குப் போனது மன்னார் அக்காதான். முதல் நாளே வேலை முடிந்த கையோடு எங்கள் அறைக்கு வந்தார்.

"அதே சீலைதான் தங்கச்சி. கழட்டவும் இல்லை, கழுவவும் இல்லை. நாங்கள் விட்ட மாதிரியே தொங்குது."

"மணக்குதோ?"

"மூக்கை வைச்சுப் பாத்தன். தூசிதான் மணக்குது. கறி மணந்தாலாவது பரவாயில்லை."

அக்கா மகளோடு பிறகு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அவருடைய சீட்டுக்காசையும் அத்தானின் பாதியையும் நாங்கள் உழைத்துத்தான் கொடுத்து முடித்தோம். சிஞ்ஞோரா செத்துவிட்டார். இவர் செத்த வீட்டுக்குக் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போய், பூவளையத்தின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். நாயும் எப்போதோ செத்தது. லிரா என்ற காசே இப்போது இல்லை.

போன மாதமும் ஒரு கலியாண வீட்டில் இவர் இந்தக் கதையைச் சொன்னார். தம்பதிகள் மாலைதீவுக்குத் தேனிலவு போகிறார்கள் என்று யாரோ சொல்ல, இவர் தொடங்கிவிட்டார்: ராசாவின் கட்டில், நாய், தொப்பிக்காரன் கண் கலங்கிக் கணவாய் தின்றது. எல்லோரும் சிரித்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில், எழுதப்போகிறேன் என்று சொன்னேன்.

"என்னத்தை?"

"அந்த உறையை."

"செத்தவவிட்டைப் போய்க் கேக்கப் போறீரோ?"

கேட்கவில்லை. கேட்க ஆள் இல்லை. ஆனால் அது கட்டிலுக்கு வாடகையுமல்ல, பட்டுத் திரைக்குக் கூலியுமல்ல. அது என் கையெழுத்துக்கான பணம். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். அன்றைக்கு ஐந்து பேர். இன்றைக்கும் எங்களுக்கு வர வேண்டியது பதினெட்டு இலட்சம் லிரா.